மனைவிக்கு ஓர் எண், குழந்தைக்கு வேறோர் எண்: ஒரே வீட்டின் வன்முறையை முன்கூட்டியே தடுக்க முடியுமா? புனே காட்டும் பாதை

புனே: மகாராஷ்டிராவின் மேற்குப் பகுதியில், கடந்த 2025ஆம் ஆண்டு ஐந்து வார இடைவெளியில் இரண்டு வீடுகளில் நிகழ்ந்த இரண்டு மரணங்கள் நாடு முழுவதும் பேசப்பட்டன.

முதலாவது, மே 16ஆம் தேதி புனே மாவட்டத்தின் முல்ஷி தாலுக்காவில் நிகழ்ந்தது. ஒரு வயதுகூட நிறையாத குழந்தையின் தாயான இளம்பெண் கணவர் வீட்டில் உயிரிழந்தார். வரதட்சணைக்காக அவர் தொடர்ந்து துன்புறுத்தப்பட்டதாகப் பிறந்த வீட்டார் புகார் அளித்தனர். பாவ்தன் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு செய்யப்பட்டு, கணவரும் அவரது குடும்பத்தினரும் கைது செய்யப்பட்டனர். அதே வீட்டின் மூத்த மருமகள் 2024 நவம்பரிலேயே குடும்பத்தினர் மீது புகார் அளித்திருந்தார் என்ற தகவல் பின்னர் வெளியாகி, மாநில மகளிர் ஆணையத்தின் செயல்பாடு குறித்த விவாதத்தைக் கிளப்பியது.

இரண்டாவது, ஜூன் மாதப் பிற்பகுதியில் சாங்லி மாவட்டத்தின் ஆட்பாடி தாலுக்காவில் நிகழ்ந்தது. நீட் மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காகத் தந்தையால் அடிக்கப்பட்ட 17 வயது மாணவி உயிரிழந்தார். கைது செய்யப்பட்ட தந்தை ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர்.

முதல் நிகழ்வு 'பெண்களுக்கு எதிரான குற்றம்' என்ற தலைப்பில் பதிவானது. இரண்டாவது 'குழந்தைகளுக்கு எதிரான குற்றம்' ஆனது. சட்டப் பிரிவுகளும், விசாரிக்கும் ஆணையங்களும், பேசும் ஆர்வலர்களும் வெவ்வேறு. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. வீட்டுக்குள் அதிகாரம் உள்ளவர், இல்லாதவரைக் கை நீட்டி 'திருத்தலாம்' என்ற ஒரே நம்பிக்கையிலிருந்து பிறக்கும் வன்முறையை அரசும் சமூகமும் ஏன் இரண்டாகப் பிரித்து அணுகுகின்றன? அதைவிட முக்கியமாக, உயிர் போன பிறகு விழித்துக்கொள்ளும் அமைப்புகளால் அதற்கு முன்பே அந்த வீட்டை அடைய முடியாதா?

சாங்வியிலிருந்து பார்த்தால்

முளா, பவனா ஆறுகள் கூடும் இடத்தையொட்டி அமைந்துள்ள சாங்வி, பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சியின் ஒரு பகுதி. பழைய கிராமமான ஜூனி சாங்வியும், அதையொட்டி வளர்ந்த நவி சாங்வியும் சேர்ந்து இன்று நெருக்கமான குடியிருப்புப் பகுதியாகிவிட்டன. ஆற்றுக்கு அப்பால் ஔந்த், கட்கி, தாபோடி. பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய கட்கி, பிம்ப்ரி, தேஹு ரோடு ஆகிய பகுதிகளும் தொலைவில் இல்லை.

2018 ஆகஸ்ட் 15ஆம் தேதி புனே நகரக் காவல்துறையிலிருந்து பிரிக்கப்பட்டு உருவான பிம்ப்ரி-சிஞ்ச்வாட் காவல் ஆணையரகத்தின் கீழ் சாங்வி காவல் நிலையம் வருகிறது. முல்ஷி வழக்கை விசாரித்த பாவ்தன் காவல் நிலையமும் இதே ஆணையரகத்தைச் சேர்ந்ததே. புனே மாவட்ட மருத்துவமனை சாங்விக்கு அருகிலேயே, ஔந்தில் உள்ளது.

சாங்வியில் ஒரு வீட்டில் கணவரால் அடிக்கப்படும் பெண், ஏட்டளவில் ஆதரவற்றவர் அல்லர். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அவர் அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இன் கீழ் பாதுகாப்பு அலுவலரை நாடலாம். நீதித்துறை நடுவரிடம் மனு அளித்தால், முதல் விசாரணையை வழக்கமாக மூன்று நாட்களுக்குள் தொடங்கி, 60 நாட்களுக்குள் மனுவை முடித்துவைக்க முயல வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. கணவரோ அவரது உறவினரோ இழைக்கும் கொடுமையைத் தண்டிக்கும் பழைய 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 ஆகிய பிரிவுகளாக நடைமுறையில் உள்ளது.

அதே வீட்டில், அதே இரவில், அதே கையால் குழந்தையும் அடிக்கப்பட்டால் வழி மாறுகிறது. அழைக்க வேண்டிய எண் 1098. அணுக வேண்டியது குழந்தைகள் நலக் குழு. பொருந்தும் சட்டம் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். மத்திய அரசின் திட்டங்களும் இதே வகையில் பிரிந்துள்ளன. பெண்களுக்கு 'மிஷன் சக்தி', குழந்தைகளுக்கு 'மிஷன் வாத்சல்யா'. இரண்டையும் நடத்துவது ஒரே அமைச்சகம், அதாவது மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம். பெயரில் இணைந்திருக்கும் மகளிரும் குழந்தைகளும் பணியில் இரண்டு கோப்புகளாகப் பிரிந்துவிடுகின்றனர்.

எண்கள் சொல்வது

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். முந்தைய ஆய்வில் இது 31.2 சதவீதமாக இருந்தது. நாடு மெல்லக் குறைந்தபோது மகாராஷ்டிரா எதிர்த்திசையில் நகர்ந்தது. அங்கு இந்த விகிதம் 21.3 சதவீதத்திலிருந்து 25.2 சதவீதமாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் 40.6 சதவீதத்திலிருந்து 38.1 சதவீதமாகக் குறைந்தது. எனினும் அது தேசிய சராசரியைவிட மிக அதிகம்.

வன்முறைக்கு ஆளான பெண்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினர் மட்டுமே உதவி தேடினர். நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் உதவியும் தேடவில்லை, எவரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டையே நாடினர். காவல் நிலையம் வரை சென்றவர்கள் மிகச் சிலரே. புகார் வந்த பிறகே இயங்கும் எந்த அமைப்பும் பாதிக்கப்பட்டோரில் பெரும்பான்மையினரைச் சந்திக்கவே போவதில்லை என்பதே இதன் பொருள்.

குழந்தைகள் பற்றிய தரவு இன்னும் மெலிந்தது. இன்றும் மேற்கோள் காட்டப்படுவது, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுதான். மகாராஷ்டிரா உள்பட 13 மாநிலங்களில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், மூவரில் இருவர் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரியவந்தது. குடும்பச் சூழலில் அடிக்கப்பட்ட குழந்தைகளில் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோரே. அந்தப் 13 மாநிலங்களில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. அன்று பதிலளித்த குழந்தைகளில் பலர் இன்று பெற்றோராகியிருப்பர்.

உலக நிலையும் ஆறுதல் தருவதாக இல்லை. உலக சுகாதார அமைப்பு 2025 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சுமார் 84 கோடி பெண்கள், அதாவது மூவரில் ஒருவர், வாழ்நாளில் துணைவரின் வன்முறைக்கோ பிறரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாகியுள்ளனர். 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த நிலை பெரிதாக மாறவில்லை. அதே அமைப்பு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் 120 கோடி குழந்தைகள் வீட்டில் உடல்ரீதியான தண்டனைக்கு உள்ளாவதாகக் கூறியது.

ஏன் சேர்ந்தே இருக்கின்றன?

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பது தமிழில் புழங்கும் பழமொழி. அது குழந்தையை அடித்த தாய்க்கும் சொல்லப்படுகிறது, மனைவியை அடித்த கணவருக்கும் சொல்லப்படுகிறது. பிரம்பினால்தான் கல்வி வரும் என்ற பொருளில் மராத்தியிலும் பேச்சுவழக்கு உண்டு. மொழி வேறாயினும், அடியை அன்பின் ஒரு வடிவமாகக் காணும் மனநிலை ஒன்றே. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டறிந்ததை இப்பழமொழி தன்னை அறியாமலேயே சொல்லிவிடுகிறது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான வன்முறைகள் எங்கெங்கு சந்திக்கின்றன என்பதைத் தொகுத்து 2016இல் வெளியான சர்வதேச ஆய்வுக் கட்டுரை ஒன்று, ஆறு சந்திப்புகளைச் சுட்டியது. இரண்டுக்கும் காரணிகள் பொதுவானவை. இரண்டையும் நியாயப்படுத்தும் சமூக நெறிகள் ஒன்றே. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து நிகழ்கின்றன. ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கடத்தப்படுகின்றன. இரண்டின் பின்விளைவுகளும் ஒத்தவை. வளரிளம் பருவத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன.

இந்தியத் தரவுகளும் இதற்கு இசைவாகவே உள்ளன. தந்தை தாயை அடித்ததைக் கண்டு வளர்ந்த பெண்கள், தங்கள் மணவாழ்விலும் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்பதைத் தேசிய குடும்ப நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. மதுவின் பங்கும் தெளிவாக உள்ளது. கணவர் அடிக்கடி குடித்து வரும் வீடுகளில் 70 சதவீதப் பெண்கள் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்துள்ளனர். கணவர் குடிக்காத வீடுகளில் இது 23 சதவீதம். மது தீயை வளர்க்கிறது என்பதற்கு முதல் எண்ணும், மது இல்லாத வீட்டிலும் தீ உண்டு என்பதற்கு இரண்டாவது எண்ணும் சான்று.

குழந்தையைப் பொறுத்தவரை, தாய் அடிக்கப்படுவதைக் காண்பதே ஒரு காயம். அடிக்கப்படும் தாய், கணவரின் கோபம் குழந்தை மீது திரும்பிவிடக் கூடாது என்ற அச்சத்தில், தானே குழந்தையைக் கடுமையாக அடக்குவதும் உண்டு. கணவரிடம் வாங்கிய அடி குழந்தையின் மீது இறங்குவதும் உண்டு. இவ்வாறு வீட்டின் வன்முறை வலிமையானவரிடமிருந்து வலிமை குறைந்தவரை நோக்கிப் படிப்படியாக இறங்குகிறது. கடைசிப் படியில் நிற்பது குழந்தை. ஒரு படியை மட்டும் சீரமைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதால் பயன் குறைவு.

புனே குடிசைப் பகுதிகளில் ஒரு முயற்சி

வன்முறை நிகழ்ந்த பின் தலையிடுவதில் மகாராஷ்டிராவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1984ஆம் ஆண்டில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் மும்பைக் காவல்துறையுடன் இணைந்து, காவல் வளாகத்துக்குள்ளேயே பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் மும்பை பாந்த்ரா பாபா மருத்துவமனையில், காயத்துக்கு மருந்திட வரும் பெண்ணிடம் காயத்தின் காரணத்தையும் கேட்டு உதவும் 'திலாசா' மையம் உருவானது. இரண்டும் பின்னர் பிற இடங்களுக்கும் முன்மாதிரியாயின.

ஆனால் வன்முறை தொடங்கும் முன்பே தடுக்கும் முயற்சிகள் அரிது. அவற்றுள் ஒன்று புனேயில் உருவானது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புனே போசரியில் உள்ள தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து, நகரின் குடிசைப் பகுதிகளில் புதுமணத் தம்பதியருக்கென ஒரு திட்டத்தை வடிவமைத்தனர். அதன் பெயர் 'க்யா பராரி ஏகத்ர'. 'சேர்ந்து பறந்தெழுங்கள்' என்பது இந்த மராத்தித் தொடரின் பொருள்.

திருமணமாகி ஓராண்டுக்குள் உள்ள சில தம்பதியரைச் சிறு குழுவாகச் சேர்த்து, ஆறு அமர்வுகள் நடத்துவதே இத்திட்டத்தின் அமைப்பு. அமர்வுகளின் பொருள் 'அடிக்காதே' என்ற அறிவுரையிலிருந்து தொடங்குவதில்லை. இருவரும் சேர்ந்து நேரம் செலவிடுவது, தன்மதிப்பு, மனம் விட்டுப் பேசுவது, பிணக்கு வரும்போது கையாள்வது, எதிர்கால இலக்குகளைச் சேர்ந்து வகுப்பது, பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம் ஆகியவற்றைக் கடந்த பிறகே, வன்முறையை இயல்பானதாகக் கருதும் சமூக நெறிகள் விவாதத்துக்கு வருகின்றன.

இந்த வரிசையில் ஒரு நுட்பம் உள்ளது. பெரியவர்கள் நிச்சயித்த திருமணத்தில், கூட்டுக் குடும்பத்தின் ஓர் அறையில், ஒருவரையொருவர் அறியாத இருவர் வாழ்க்கையைத் தொடங்குகின்றனர். அவர்களுக்குப் பேசிக்கொள்ளத் தனிமையே கிடைப்பதில்லை. பேச்சுப் பழகாத உறவில் முதல் பிணக்கின்போது, கண்டு வளர்ந்த வழியே கைக்கு வருகிறது. முதல் அடி மன்னிக்கப்படுகிறது, இரண்டாவது பழகிவிடுகிறது. அந்த முதல் அடிக்கு முன் இருக்கும் சில மாதங்களையே இத்திட்டம் குறிவைத்தது.

இது ஒரு சிறு முன்னோட்ட ஆய்வு. அதன் அளவைக் கொண்டு, வன்முறை குறைந்தது என்று உறுதியாக முடிவு கட்ட இயலாது. இளம் கணவர்களை இத்தகைய உரையாடலில் அமர வைக்க முடியுமா என்ற ஐயத்துக்கு, முடியும் என்ற பதிலை அது தந்தது. தேசிய மகளிர் ஆணையமும் 2025ஆம் ஆண்டில் 'தேரே மேரே சப்னே' என்ற பெயரில் திருமணத்துக்கு முந்தைய உரையாடல் மையங்களைத் தொடங்கியிருப்பது, இந்தச் சிந்தனை அரசு அமைப்புகளையும் எட்டியிருப்பதைக் காட்டுகிறது.

ருவாண்டா தந்த பாடம்

புதுமணத் தம்பதியர் என்ற முதல் வாசலுக்கு அடுத்து வருவது, முதல் குழந்தையின் வருகை. அந்த வாசலில் நின்று இரு வன்முறைகளையும் ஒருசேரத் தடுக்க முயன்ற திட்டம் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் உள்ளது.

'பண்டெபெரெஹோ' என்ற அத்திட்டத்தில், குழந்தையை எதிர்பார்த்திருக்கும் அல்லது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுடைய இளம் தந்தையர் 15 அமர்வுகளில் பங்கேற்றனர். அவற்றில் எட்டில் அவர்களின் துணைவியரும் கலந்துகொண்டனர். கர்ப்ப காலப் பராமரிப்பு, குழந்தை வளர்ப்பு, வீட்டு வேலைப் பகிர்வு, வரவு செலவு முடிவுகள், கோபத்தைக் கையாள்வது ஆகியவை பேசுபொருள்கள். 1,199 தம்பதியரை உட்படுத்திய ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. திட்டம் தொடங்கி 21 மாதங்களுக்குப் பின், பங்கேற்ற குடும்பங்களில் மனைவி மீதான உடல் மற்றும் பாலியல் வன்முறை கணிசமாகக் குறைந்திருந்தது. குழந்தைகளை அடிப்பதும் குறைந்திருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே குடும்பங்களை மீண்டும் ஆராய்ந்தபோதும் நற்பலன்கள் தொடர்வது தெரிந்தது.

அந்த அமர்வுகளுக்கு ஆண்கள் வந்ததற்கு வன்முறை குறித்த குற்ற உணர்வு காரணமில்லை. நல்ல தந்தையாக வேண்டும் என்ற விருப்பமே அவர்களை அழைத்து வந்தது. குற்றவாளியாக நிறுத்தப்படும்போது கதவைச் சாத்திக்கொள்ளும் ஆண், தந்தையாக அழைக்கப்படும்போது வந்து அமர்கிறார். குழந்தைக்காகத் திறந்த அதே கதவு வழியே மனைவிக்கும் நிம்மதி வந்தது.

ஏற்கெனவே வீட்டுக்குள் செல்பவர்கள்

இந்தியாவில் இத்தகைய பணிக்குப் புதிய படையைத் திரட்ட வேண்டிய தேவை இல்லை என்பது பலரும் கவனிக்காத உண்மை. மருத்துவமனையில் பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாயை, 42 நாட்களுக்குள் ஆறு முறை ஆஷா பணியாளர் சந்திக்க வேண்டும் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் விதி. 2018ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இளங்குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டம், 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் மேலும் ஐந்து சந்திப்புகளைச் சேர்த்தது. ஆக, ஒரு குழந்தைக்கு 15 மாதம் நிறைவதற்குள் 11 முறை அரசின் சார்பில் ஒரு பெண் அந்த வீட்டுக்குள் செல்கிறார். அதற்குப் பின் அங்கன்வாடி வருகிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன.

காவல் நிலையம், நீதிமன்றம், மகளிர் ஆணையம் ஆகியவற்றை நோக்கிப் பெண் நடக்க வேண்டும். ஆஷாவோ பெண்ணை நோக்கி நடந்து வருகிறார். அவர் வருவதற்குப் புகார் தேவையில்லை; குழந்தை பிறந்ததே போதுமான காரணம். மாமியாரும் கணவரும்கூட அவரைத் தடுப்பதில்லை.

ஆனால் அந்தச் சந்திப்புகளின் மையப்பொருள் எடை, தாய்ப்பால், தடுப்பூசி, இணை உணவு ஆகியவையே. பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்து ஆஷாக்களுக்குத் தனிக் கையேடு இருந்தபோதிலும், தாய் பாதுகாப்பாக இருக்கிறாரா, அழும் குழந்தையை வீட்டார் எவ்வாறு கையாள்கின்றனர் என்பன சந்திப்பின் வழக்கமான கேள்விகளாக மாறவில்லை. தந்தை அந்தச் சந்திப்புகளில் இடம்பெறுவதும் அரிது. பணியாளர் வரும் பகல் வேளையில் அவர் வேலைக்குச் சென்றிருப்பார். பிம்ப்ரி-சிஞ்ச்வாட் போன்ற தொழில் நகரத்தில், பணிமுறை மாற்றங்களுக்கு இடையே இயங்கும் குடும்பத்தில், தந்தையைச் சந்திக்க ஞாயிறு அல்லது மாலை வேளை தேவைப்படும்.

இதற்குச் செலவும் உண்டு. ஆஷாக்கள் ஊழியர் என்ற தகுதியின்றி, ஊக்கத்தொகை அடிப்படையில் பணியாற்றுபவர்கள். ஏற்கெனவே பதிவேடுகளின் சுமையால் தவிக்கும் அவர்கள் மீது மேலும் ஒரு படிவத்தை ஏற்றினால், அது நிரப்பப்படும் ஒரு கட்டமாக மட்டுமே முடியும். பயிற்சி, கூடுதல் ஊதியம், அவர்கள் கண்டறியும் பெண்ணை ஒப்படைக்க நம்பகமான இடம் ஆகிய மூன்றும் இன்றி இப்பணியை ஒப்படைப்பது நியாயமாகாது. வன்முறையைக் கண்டு சொன்னதற்காக அக்கம்பக்கத்தின் பகையை ஏற்க வேண்டியவரும் அதே தெருவில் வசிக்கும் அவரே.

சட்டம் எங்கே மௌனம் காக்கிறது?

பள்ளியில் குழந்தையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆவது பிரிவு தடை செய்கிறது. வீட்டில் அடிப்பதை நேரடியாகத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு குழந்தைக்கு இழைக்கும் கொடுமையைத் தண்டிக்கிறது என்றாலும், 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் நல்லெண்ணத்துடன் செய்யும் செயலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 28ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு, பெயர் மாறித் தொடர்வதே இது. மரணம் விளைவிப்பதற்கோ கொடுங்காயத்துக்கோ இவ்விலக்கு பொதுவாகப் பொருந்தாது. ஆயினும் 'அவன் நன்மைக்குத்தான் அடித்தேன்' என்ற வாதத்துக்குச் சட்டப் புத்தகத்தில் இன்னும் ஓர் இடம் உள்ளது. இதே வாதத்தை மனைவி விஷயத்தில் முன்வைக்கும் கணவருக்குச் சட்டம் அத்தகைய இடம் தருவதில்லை.

உலகிலேயே முதல் நாடாக 1979இல் வீட்டிலும் குழந்தைகளை அடிப்பதைத் தடை செய்த சுவீடன், அதைக் குடும்பச் சட்டத்தில் சேர்த்ததே அன்றிப் புதிய தண்டனை எதையும் வகுக்கவில்லை. மாறாக, குழந்தைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் விளக்கக் கையேடு அனுப்பியது. பால் பொட்டலங்களில் செய்தியை அச்சிட்டது. காலை உணவு மேசையில் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து அதைப் படிக்க நேர்ந்தது. தெற்காசியாவில் நேபாளம் 2018இல் இத்தகைய தடையைக் கொண்டுவந்தது. பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவதற்கும் அடி தவறு என்று நாடு அறிவிப்பதற்கும் இடையே ஒரு பாதை உண்டு என்பதை இந்நாடுகள் காட்டுகின்றன.

குடும்ப வன்முறைச் சட்டத்திலோ நிலை வேறு. அங்கு சட்டம் உள்ளது, செயல்படுத்துவோர் போதவில்லை. நடைமுறைக்கு வந்து 18 ஆண்டுகளுக்கு மேலான பின்பும், 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, பாதுகாப்பு அலுவலர்கள் நியமிக்கப்படாத இடங்களில் ஆறு வாரங்களுக்குள் நியமிக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது. முல்ஷி மரணம் நிகழ்ந்து நான்கு நாட்களே ஆகியிருந்த நேரம் அது. தாயையும் குழந்தையையும் ஒருசேரக் காணும் அரிய சட்டங்களுள் இதுவும் ஒன்று. இதன் கீழ் பிறப்பிக்கப்படும் பாதுகாப்பு உத்தரவு, மனுதாரரைச் சார்ந்திருப்போருக்கு வன்முறை இழைப்பதையும் தடை செய்யலாம். குழந்தையின் தற்காலிகப் பொறுப்பையும் தாய்க்கு வழங்கலாம்.

தடுப்புக்கும் சமரசத்துக்கும் இடையே

தம்பதியரைச் சேர்த்து உட்கார வைக்கும் திட்டங்கள் அனைத்துக்கும் ஓர் எல்லைக்கோடு தேவை. வன்முறை வேர்விட்டுவிட்ட வீட்டில், அடிக்கப்படும் பெண்ணை அடிப்பவரின் அருகில் அமர்த்தி மனம் திறந்து பேசச் சொல்வது ஆபத்து. அன்று பேசிய சொல்லுக்கு அன்றிரவே தண்டனை கிடைக்கக்கூடும். புதுமணத் தம்பதியருக்கும் இளம் பெற்றோருக்குமான உரையாடல் வேறு. உயிருக்கு அஞ்சி வந்தவருக்கான பாதுகாப்பு வேறு. பின்னவருக்குத் தேவை தங்குமிடம், மருத்துவம், சட்ட உதவி.

இந்த எல்லைக்கோடு நடைமுறையில் அடிக்கடி அழிக்கப்படுகிறது. 'குடும்பம் என்றால் அப்படித்தான், பொறுத்துப் போ' என்ற சொல்லைப் பிறந்த வீட்டில் கேட்டுவிட்டு வரும் பெண், அதையே அரசு அலுவலக மேசையின் மறுபக்கத்திலிருந்தும் கேட்க நேர்கிறது. முன்கூட்டித் தடுத்தல் என்ற பெயரில் சமரசம் திணிக்கப்பட்டால், அது வன்முறையை வீட்டுக்குள் மேலும் ஆழமாகத் தள்ளிவிடும். தடுப்புத் திட்டம் சட்டத்துக்கு மாற்றாகாது. சட்டத்தின் வாசலுக்கு வர வேண்டியவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், வந்தே ஆக வேண்டியவர்களைத் தாமதமின்றி அழைத்து வருவதுமே அதன் வேலை.

தமிழ்நாட்டுக்கும் உரிய கேள்வி

முல்ஷி, ஆட்பாடி நிகழ்வுகளின் அதிர்ச்சி அடங்கும் முன்பே, 2025 ஜூன் 28 அன்று திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே, திருமணமாகி மூன்று மாதங்கள்கூட நிறைவடையாத இளம்பெண் உயிரிழந்தார். கணவர் வீட்டாரின் கொடுமை குறித்துத் தந்தைக்கு அவர் அனுப்பியதாகக் கூறப்படும் குரல் பதிவுகள் தமிழ்நாட்டை உலுக்கின. வசதியான குடும்பங்களிலும், படித்தவர்கள் மத்தியிலும் இது நிகழ்கிறது என்பதை முல்ஷியும் அவிநாசியும் ஒருசேரச் சொல்லின.

தமிழ்நாட்டில் தாய்-சேய் நல அமைப்பு பிற மாநிலங்கள் பாராட்டும் அளவுக்கு வலுவானது. கர்ப்பிணி பதிவு செய்யப்படுகிறார், கிராம சுகாதார செவிலியர் பின்தொடர்கிறார், பிரசவங்கள் ஏறத்தாழ முழுவதும் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. தாயின் இரத்த அளவையும் குழந்தையின் எடையையும் இத்தனை துல்லியமாகக் கணக்கிடும் அதே மாநிலத்தில், மணமான பெண்களில் மூவரில் ஒருவருக்கு மேல் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கின்றனர். உடலை அளக்கத் தெரிந்த அமைப்புக்கு, அந்த உடல் மீது விழும் அடியைக் கேட்கும் கடமையும் சேர வேண்டும்.

சாங்வியோ, அவிநாசியோ, செய்யத் தக்கவை கைக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன. 181ஐ அழைக்கும் தாயிடம் வீட்டில் குழந்தை உண்டா, அதன் நிலை என்ன என்று கேட்பதும், 1098க்கு வரும் அழைப்பில் தாயின் நிலையைக் கேட்பதும், இரு பதிவுகளையும் ஒரே குடும்பமாகப் பார்ப்பதும் புதிய சட்டம் வேண்டாத மாற்றங்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது பெண்ணோ குழந்தையோ ஆபத்துக்குள்ளாகும் முன், முதல் புகாரை அந்த வீடு முழுவதற்குமான எச்சரிக்கையாகக் கொள்வது நடைமுறை சார்ந்த முடிவு. தடுப்பூசி நாளில் தந்தையையும் வரச் சொல்லி, அழும் குழந்தையை அடிக்காமல் ஆற்றுவது எப்படி என்று பத்து நிமிடம் பேசுவதற்குத் தேவைப்படுவது பயிற்சி பெற்ற ஒருவரும் ஒரு நாற்காலியும்.

முல்ஷியில் முதல் புகார், மரணத்துக்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அந்த வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அக்குழந்தை வாழ்ந்த வீட்டைப் பற்றி அரசிடம் ஒரு காகிதம் இருந்தது. அதைக் குழந்தையோடும் மற்றொரு மருமகளோடும் பொருத்திப் பார்க்கும் கண்தான் இல்லை. அடுத்த புகார் எந்த வீட்டிலிருந்து வந்தாலும், அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கப்படுமா என்பதில்தான் இனி வரும் உயிர்கள் அடங்கியுள்ளன.

உதவிக்கு: மகளிர் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098, அவசர உதவி 112. மன உளைச்சலுக்கு இலவச ஆலோசனை பெற டெலி மானஸ் 14416.